காளி படத்தைச் சுற்றி ஒளிவட்டம்: அவுட்டர் க்ளோ போதுமா, கையால் கட்டணுமா?

அல்சூர் வாசகி
ஆடி மாதக் கூத்துக்கு ஒரு போஸ்டர். காளி வேடம் கட்டியவரின் படத்தை வெட்டி எடுத்துக் கருநீலப் பின்னணியில் வைத்தாச்சு. கையில் சூலம், விரித்த தலைமுடி. ஆளைச் சுற்றி ஆரஞ்சு ஒளி கிளம்பணும். போட்டோஷாப்பில் அவுட்டர் க்ளோ (உருவத்தின் ஓரத்துக்கு வெளியே ஒளி தரும் லேயர் ஸ்டைல்) கொடுத்தால் உடம்பில் பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கு, சூலத்தைச் சுற்றி ஒளியே காணோம். வாட்ஸப்பில் அனுப்ப ஒரு அளவு, இங்கே பெங்களூரில் அரங்கத்துக்குள் தொங்கவிட 4×6 அடி துணி பேனர் இன்னொரு அளவு. அவுட்டர் க்ளோவையே சரிசெய்யலாமா, வேறு வழியில் போகணுமா?

சிவாஜிநகர் லேயர்
அவுட்டர் க்ளோ தாராளமாகப் போதும். முதலில் வரும் அமைப்பை மாற்றாமல் விடுவதால்தான் பஞ்சு மாதிரி தெரியுது. ஒரே நிறம் கொடுக்காதீங்க, கிரேடியன்ட் கொடுங்க: ஆளை ஒட்டி வெளிர்மஞ்சள், அடுத்து ஆரஞ்சு, கடைசியில் அடர்சிவப்பு மறைந்துபோகும்படி. ஒப்பாசிட்டி 35-ல் இருந்து 65-க்கு, ஸ்ப்ரெட் 10, சைஸ் 80. இது போஸ்டர் அளவுக்கு.

அவுட்டர் க்ளோவை ஒரு லேயருக்கு (படத்தின் ஓர் அடுக்குக்கு) ஒருமுறைதான் போட முடியும். ஆனால் ட்ராப் ஷேடோவை 2015 பதிப்பிலிருந்து 10 முறை வரை அடுக்கலாம். டிஸ்டன்ஸ் 0, பிளெண்ட் மோட் (கீழே உள்ள நிறத்தோடு கலக்கும் முறை) ஸ்க்ரீன், நிறம் ஆரஞ்சு என்று வைத்தால் நிழல் ஒளியாகிடும். சைஸ் 15, 60, 200 என்று மூன்று போடுங்க. சூலத்துக்கும் அந்தச் சின்னது உதவும். படத்தை நாளைக்கு மாற்றினாலும் ஒளி தானாகப் புது உருவத்தைச் சுற்றிக்கும். இந்த வசதி கையால் செய்யும் எதிலும் வராது.

மடிவாளா தூரிகை
போஸ்டருக்குச் சரி, பேனருக்கு உதவாது. கணக்கைப் பாருங்க. 4×6 அடியை அங்குலத்துக்கு 100 பிக்சல் என்று வைத்தால் 4800×7200. லேயர் ஸ்டைலில் சைஸ் 250 பிக்சலுக்கு மேல் போகாது. அதாவது ஆறடி பேனரில் ஒளி இரண்டரை அங்குலம். தூரத்தில் இருந்து பார்க்கிறவருக்கு அது ஆரஞ்சு பார்டர், ஒளி கிடையாது.

பஞ்சு மாதிரி தெரிவதற்குக் காரணமும் வேற. நிஜ ஒளி மூலத்தை ஒட்டிச் சட்டென்று விழும், அப்புறம் நீளமாக, மெல்லிசாகப் படரும். ஒரே ஒரு மங்கலில் (ப்ளரில்) அந்த இரண்டும் சேர்ந்து வராது. அதனால் அடுக்கணும். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு லேயரின் சிறுபடத்தைச் சொடுக்கினால் உருவம் தேர்வாகும். அதைக் கீழே புது லேயரில் ஆரஞ்சால் நிரப்பி, ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் (மூலம் கெடாமல் மாற்ற விடும் லேயர்) ஆக்கி, நான்கு பிரதி எடுங்க. பேனர் அளவில் காசியன் ப்ளர் 20, 60, 180, 500. ஒப்பாசிட்டி வரிசையாக 80, 55, 35, 25. மோட் லீனியர் டாட்ஜ், அதாவது நிற எண்களை அப்படியே கூட்டும் முறை. போஸ்டருக்கு எல்லா ஆரத்தையும் நான்கில் ஒன்றாகக் குறைங்க.

சூலம் ஏன் ஒளிராமல் போச்சு என்றால், 12 பிக்சல் தடிமனுள்ள தண்டை 60 ஆரத்தில் மங்கலாக்கினால் நடுவிலேயே சுமார் 8 சதவீதம்தான் மிஞ்சும். 6 ஆரத்தில் 68 சதவீதம். மெல்லிய பொருளைப் பெரிய மங்கல் தின்றுவிடும். சூலத்தை மட்டும் தனியாகத் தேர்வு செய்து, எக்ஸ்பாண்ட் கொடுத்து மூன்று மடங்கு தடிமனாக்கி, அதற்குப் பிறகு மங்கலாக்குங்க.

சிவாஜிநகர் லேயர்
250 எல்லை இருக்கு, மறுக்கலை. ஆனால் மங்கலில் நுணுக்கம் எதுவும் கிடையாது, அதனால் அதைப் பேனர் அளவில் செய்யத் தேவையே இல்லை. 1200×1800 கோப்பில் உருவ நிழலுக்கு மட்டும் ஸ்டைல் போட்டு, ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றி, நான்கு மடங்கு பெரிதாக்கிக் காளிக்குப் பின்னால் வைங்க. 250 பிக்சல் பேனரில் 10 அங்குலமாகிடும். ஸ்டைலோடு இருக்கும் கோப்பை நேரடியாகப் பெரிதாக்கினால் மட்டும் இமேஜ் சைஸ் பெட்டியில் ஸ்கேல் ஸ்டைல்ஸ் குறி இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா படம் வளரும், ஒளி அப்படியே நிற்கும்.

லீனியர் டாட்ஜுக்கு நான் கடுமையாக எதிர்ப்பு. உங்க ஆரஞ்சு 255,140,20 (சிவப்பு, பச்சை, நீல அளவு) என்று வைங்க. அதே நிறம் இரண்டு லேயராக முழு அளவில் சேர்ந்தால் 255,255,40. அது எலுமிச்சை மஞ்சள். ஸ்க்ரீனில் 255,203,38 தான் வரும், மாம்பழ நிறத்தில் நிற்கும். காளிக்கு எலுமிச்சை மஞ்சளில் ஒளி வேணுமா?

மடிவாளா தூரிகை
உங்க கணக்கு சரி, முடிவுதான் தப்பு. எரியும் கரியைப் பாருங்க: நடு வெளிறியிருக்கும், ஓரம் செக்கச்செவேல். டாட்ஜ் தரும் வெளிறல் ஆளை ஒட்டி இருக்கணும். பெரிய லேயர்களுக்கு நிறத்தைச் சிவப்புப் பக்கம், 220,60,10 போல நகர்த்திட்டால் மஞ்சள் நடுவோடு நின்றுவிடும். ஸ்க்ரீனில் நான்கு அடுக்கினால் சுற்றிலும் பால் கலந்த மாதிரி மந்தமாகும். டாட்ஜில் ஒப்பாசிட்டியைக் குறைப்பதற்குப் பதில் ஃபில்லைக் குறைத்துப் பாருங்க. அந்த மோடில் இரண்டும் வேறு வேறு விளைவு தரும்.

கே.ஆர்.புரம் கண்ணாடி
ரெண்டு பேரும் ஆளுக்கு வெளியேயே நிக்கிறீங்க. வெளியே என்ன செய்தாலும், ஆள் மேல ஒளி விழலைன்னா அது வெட்டி ஒட்டின படம்தான்.

முன்னால் ஃபிளாஷ் அடிச்ச முகம், பின்னால் தீ. இது ஒத்தே வராது. காளியின் லேயர் மேல கர்வ்ஸ் (வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் கருவி) போட்டு முன்பக்கத்தைக் கொஞ்சம் இறக்குங்க. அப்புறம் கிளிப்பிங் மாஸ்கோட (ஆளுக்கு வெளியே நிறம் போகாமல் தடுக்கும்) ஒரு ஸ்க்ரீன் லேயர், மென்மையான பிரஷ், ஃப்ளோ 10 இல்ல 15, ஒளியில் இருந்தே நிறம் எடுத்து விளிம்பை வரையணும். தோளில் அகலமாக, கன்னத்தில் நூல் மாதிரி, தலைமுடியில் எல்லாத்தையும் விட அதிகமாக, ஏன்னா முடி இழை வழியா ஒளி ஊடுருவும். இன்னர் க்ளோ (ஓரத்துக்கு உள்ளே ஒளி தரும் ஸ்டைல்) போட்டுத் தப்பிக்கப் பார்க்காதீங்க. அது பாதத்துக்கும் தோளுக்கும் ஒரே அகலத்தில் கோடு போட்டுடும்.

இன்னொன்று, வடிவம். நடராசர் சிலையின் திருவாசி உடம்பின் வளைவை ஒட்டிப் போகாது, தள்ளி நின்று வட்டமாகச் சூழும். உருவத்தின் வரைகோட்டையே பெரிதாக்கிப் போட்டால் பஞ்சு போர்த்தினதுதான். பெரிய இரண்டு லேயருக்கும் மாஸ்க் (வேண்டாத பகுதியை மறைக்கும் திரை) போட்டு, தலைக்கும் தோளுக்கும் முழுசா விட்டு, முழங்காலுக்குக் கீழே கரையவிடுங்க. காலடியில் தரை இருந்தால் தட்டையான நீள்வட்டத்தில் அதே ஆரஞ்சை ஓவர்லேயில் 30 சதவீதம்.

மடிவாளா தூரிகை
விளிம்பு ஒளி பற்றிச் சொன்னது முழுசா சரி அக்கா. திருவாசி விஷயத்தில் எனக்கு இன்னும் தயக்கம்: சின்ன லேயர்கள் வரைகோட்டை ஒட்டினால்தான் சூலமும் விரலும் இருட்டில் பிரிந்து தெரியும். பெரியவற்றுக்கு மட்டும் வட்டம் என்றால் ஒத்துக்கறேன்.

சுல்தான்பேட்டை மை
திரையில் எரிவது துணியில் எரியாது. துணியில் வெளிச்சம் என்பது மை குறைவாக விழுந்த இடம், அவ்வளவுதான். கருநீலத்தில் மெதுவாகக் கரையும் வால் பகுதி பெரும்பாலும் இருட்டோடு அடைந்துபோகும், அதனால் பேனர் கோப்பில் மட்டும் அந்த வாலைக் கர்வ்ஸால் சற்றுத் தூக்கணும். சிஎம்ஒய்கேக்கு (அச்சு மைகளின் நிறமுறைக்கு) மாற்றும்போது லேயர்களைத் தனித்தனியாக விட்டால் ஸ்க்ரீனும் டாட்ஜும் புது நிறவெளியில் மறுபடி கணக்கிடப்பட்டு ஒளி வேறு மாதிரி வரும். பிரதி ஒன்றைத் தட்டையாக்கி, அதை மாற்றுங்க. அதற்கு முன்னால் கன்ட்ரோல் ஒய் அழுத்தினால் எவ்வளவு மங்கும் என்று தெரியும். நீல ஒளியாக இருந்தால் பாதி போயிருக்கும், ஆரஞ்சு ஓரளவு தாங்கும். அச்சகத்தில் ஆர்ஜிபி (திரையின் நிறமுறை) கோப்பே கேட்கிறார்களா என்று முதலில் விசாரிங்க. தலையில் இருந்து ஓரம் வரை ஒரு அடி அகலத் துண்டை நிஜ அளவில் அடித்துப் பார்த்துவிட்டு முழு பேனருக்குப் போங்க.

அல்சூர் வாசகி
இப்படிச் செய்தாச்சு: 1200×1800-ல் நான்கு மங்கல், பெரிய இரண்டும் சிவப்புப் பக்கம், முழங்காலுக்குக் கீழே மாஸ்க், சூலத்துக்குத் தனி லேயர். பஞ்சு போயிடுச்சு. விளிம்பு வரைந்த பிறகு ஆள் அந்த ஒளிக்குள் நிற்கிற மாதிரி இருக்கு. இரண்டு குறை பாக்கி. முடி ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியுது, வாட்ஸப்பில் அனுப்பினால் பின்னணியில் வளையம் வளையமாக விழுது.

சிவாஜிநகர் லேயர்
வெள்ளைக் கோடு பழைய பின்னணியின் மிச்சம். லேயர் மெனுவில் மேட்டிங், டீஃப்ரிஞ்ச் 1 பிக்சல். போகாவிட்டால் செலக்ட் அண்ட் மாஸ்க்கில் டீகன்டாமினேட் கலர்ஸ். விளிம்பு ஒளி வரைவதற்கு முன்னால் செய்யணும், இல்லைன்னா வரைந்ததையும் அது தின்னும்.

மடிவாளா தூரிகை
வளையம் 8 பிட்டின் (ஒரு நிறத்துக்கு 256 படிகள் மட்டும்) கோளாறு. ஒளி 60 அளவில் தொடங்கி 0 வரை 900 பிக்சலில் இறங்கினால் ஒவ்வொரு படியும் 15 பிக்சல் அகலம், கண்ணுக்குப் படும். கோப்பை 16 பிட்டுக்கு மாற்றி மங்கல்களை மறுபடி ஓடவிடுங்க. எல்லாத்துக்கும் மேலே 50 சதவீதச் சாம்பல் நிற லேயர் ஒன்று, ஓவர்லே மோட், அதில் மோனோகுரோமாட்டிக் நாய்ஸ் (மணல் மாதிரி ஒரே நிறப் புள்ளிகள்) 2 சதவீதம். படமாக அனுப்பினால் வாட்ஸப் சுருக்கி அந்த மணலை வழித்துவிடும், வளையம் திரும்ப வரும். டாக்குமென்ட்டாக அனுப்புங்க.