கை முந்துது, காது பிந்துது

(குழு: தூத்துக்குடி சொந்தங்கள். ஞாயிறு காலை)

பெரியப்பா: கார்த்தி, எழுந்துவிட்டாயா? புது ஹாம் ரேடியோவில் (பொழுதுபோக்கு வானொலி) கேட்பது அருமை. அனுப்பத்தான் முடியவில்லை. மோர்ஸ் அடிக்கிற கீயை அழுத்தினால் சத்தம் ஆற அமர வந்து சேர்கிறது. கை அடுத்த எழுத்துக்குப் போன பிறகுதான் முந்தின எழுத்து காதில் விழுகிறது.

பெரியம்மா: விடிந்ததிலிருந்து இதே புலம்பல். இட்லி ஆறிப்போய்விட்டது.

கார்த்தி: டாஸ்க் மேனேஜரை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் பெரியப்பா.

பெரியப்பா: [படம்] சிபியு 11 சதவீதம். ராம் 16 ஜிபி. கடைக்காரர் வேறு லேப்டாப் வாங்கச் சொல்கிறார்.

கார்த்தி: வேண்டவே வேண்டாம். 11 சதவீதம் என்பது வேலைப்பளு. உங்கள் பிரச்சினை தாமதம். இயந்திரம் சும்மா இருந்தாலும், வேண்டிய நொடியில் திரும்பிப் பார்க்காவிட்டால் மோர்ஸுக்கு உதவாது.

கவின்: அண்ணா சொல்வது சரி. மிருதங்கம் ரெக்கார்ட் பண்ணும்போது எனக்கும் இதே கதைதான். பஃபர், அதாவது சத்தம் வரிசையில் காத்திருக்கும் இடம், பெரிதாக இருந்தால் ஹெட்போனில் கேட்டுக்கொண்டு வாசிக்கவே முடியாது. தாளம் இழுத்துக்கொண்டே போகும்.

பெரியப்பா: ஆனால் எதிர்முனைக்காரர் என் சிக்னல் சுத்தமாக இருக்கிறது என்கிறார். அதுதான் புரியவில்லை.

கார்த்தி: உங்களுடையது ஹெர்மிஸ் லைட் 2, கம்ப்யூட்டரோடு சேர்ந்து வேலை செய்யும் ரேடியோ. கீ நேராகப் பெட்டியில் செருகியிருக்கிறது. அழுத்தியதும் உள்ளே இருக்கும் எஃப்பிஜிஏ சிப்பே வானில் போகும் கேரியர் அலையை எழுப்பிவிடும், கம்ப்யூட்டரைக் கேட்பதில்லை. சைட்டோன், அதாவது நீங்கள் அனுப்புவது உங்கள் காதுக்கே கேட்கும் சத்தம், அப்படியில்லை. அந்தப் பெட்டியில் ஆடியோ சிப் கிடையாது. கீ அழுத்திய சேதி நெட்வொர்க் கேபிள் வழியாக லேப்டாப்புக்குப் போய், அங்கே சத்தமாகி, பஃபரில் வரிசையில் நின்று, அப்புறம்தான் உங்களுக்கு வரும்.

பெரியப்பா: நான் ரேடியோ ரூம் பார்த்த கப்பலில் இந்த வம்பே இல்லை. கீயும் சத்தமும் ஒன்றாகவே இருக்கும்.

கார்த்தி: என்ன வேகத்தில் அனுப்புகிறீர்கள்?

பெரியப்பா: நிமிடத்துக்கு 25 வார்த்தை. அதற்குக் கீழே போனால் தூக்கம் வரும்.

கார்த்தி: 1200-ஐ வேகத்தால் வகுத்தால் ஒரு டிட்டின், அதாவது மோர்ஸ் புள்ளியின், நீளம் மில்லி செகண்டில் கிடைக்கும். 25-க்கு 48 மில்லி செகண்ட். உங்கள் பஃபர் 2048 என்று படத்தில் தெரிகிறது. நொடிக்கு 48,000 சாம்பிள் என்ற கணக்கில் அதுவே சுமார் 43 மில்லி செகண்ட். அதாவது ஏறக்குறைய ஒரு டிட் போய் முடிகிற நேரம். ஆனால் அது மட்டும் என்றால் இவ்வளவு தடுமாற மாட்டீர்கள். ஹெட்போன் எது?

பெரியப்பா: சிங்கப்பூரிலிருந்து உன் சித்தப்பா கொண்டுவந்தது. ஒயர் இல்லாதது. காதுக்கு இதமாக இருக்கிறது.

கவின்: 😂😂

சித்தப்பா: கடைசியில் நான்தான் குற்றவாளியா?

கார்த்தி: பாட்டுக்குத் தங்கமான ஹெட்போன், சித்தப்பா. மோர்ஸுக்கு ஆகாது. ப்ளூடூத் சாதாரணமாகவே 150, 200 மில்லி செகண்ட் சேர்த்துவிடும். 25 வேகத்தில் அது மூன்று, நான்கு டிட். பெரியப்பா, பழைய ஒயர் ஹெட்போனைச் செருகுங்கள்.

பெரியப்பா: இரு.

பெரியப்பா: அடேயப்பா! இப்போது மனுஷன் அனுப்பலாம். ஆனாலும் ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கார்த்தி: ரேடியோவை இயக்கும் தீட்டிஸ் புரோகிராமில் பஃபரை 256 ஆக்குங்கள். 5 மில்லி செகண்ட்தான் ஆகும். டிஎஸ்பி பக்கத்தில் ஃபில்டர் வகை ‘லீனியர் ஃபேஸ்’ என்று இருந்தால் ‘லோ லேட்டன்சி’க்கு மாற்றுங்கள். கூர்மையான லீனியர் ஃபேஸ் ஃபில்டர் தன் நீளத்தில் பாதியைத் தாமதமாக எடுத்துக்கொள்ளும். அது சைட்டோனைவிட எதிர்முனையைக் கேட்பதைத்தான் பாதிக்கும். சும்மா பேசிக்கொண்டிருக்கப் பரவாயில்லை, டிட்டுக்கு டிட் நடுவில் கேட்க வேண்டுமென்றால் உறுத்தும்.

பெரியப்பா: செய்தேன். வால் போச்சு. பதிலாகப் பொரிகிற சத்தம் வருகிறது.

பெரியம்மா: அது அடுப்பில் அப்பளம்.

பெரியப்பா: ஹெட்போனில் வருகிறது என்றேன்.

கார்த்தி: பஃபர் காலியாகிறது. விண்டோஸில் ஏதோ ஒரு டிரைவர் ப்ராசஸரைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கிறது. லேட்டன்சிமான் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. அதைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சிவப்பில் என்ன வருகிறது என்று படம் அனுப்புங்கள்.

(சிறிது நேரம் கழித்து)

பெரியப்பா: [படம்] ‘என்டிஐஎஸ்’ என்று ஏதோ.

கார்த்தி: நெட்வொர்க் பக்கத்துக் கோப்பு. பெரும்பாலும் வைஃபை டிரைவர்தான். உங்களுக்குக் கேபிள் இருக்கிறது, வைஃபையை அணைத்துவிடுங்கள். பவர் பிளானை ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ ஆக்குங்கள். ப்ராசஸர் மிச்சம் பிடிக்கிறேன் என்று உறங்கி உறங்கி எழுவதும் ஒரு காரணம். அப்புறமும் பொரிந்தால் பஃபரை 512-க்கு ஏற்றுங்கள், அடம் பிடிக்க வேண்டாம்.

பெரியப்பா: 512-இல் நின்றுவிட்டது. சுத்தம். யாரோடு பேசினோம் என்று குறித்துவைக்கும் லாக் புரோகிராமே சிக்யூ (எல்லோருக்குமான அழைப்பு) அனுப்புகிறதே, அதில் டிட் சில சமயம் நீண்டு போகிறது. அதுவும் இதே நோயா?

கார்த்தி: அண்ணன் தம்பி. அந்தப் புரோகிராம் சீரியல் போர்ட்டை மேலும் கீழும் ஆட்டி மோர்ஸ் அடிக்கிறது. விண்டோஸின் கடிகாரம் வழக்கமாக 15.6 மில்லி செகண்டுக்கு ஒருமுறைதான் விழித்துப் பார்க்கும். புரோகிராம் கேட்டுக்கொண்டால் 1 வரை இறங்கும். ஆன்டிவைரஸ் நடுவில் புகுந்தால் அதுவும் போச்சு. 48-இல் 15 தவறினால் பழகின காது உடனே கண்டுபிடிக்கும். வின்கீயர் மாதிரி தனிச் சிப் இருந்தால் கம்ப்யூட்டர் எழுத்தை மட்டும் கொடுக்கும், நேரத்தைச் சிப் பார்த்துக்கொள்ளும்.

சித்தி: ஒரு சந்தேகம். இந்தக் காலத்தில் மோர்ஸ் யார் அடிக்கிறார்கள்?

பெரியப்பா: கப்பலில் 1999 பிப்ரவரியோடு முடிந்தது, செயற்கைக்கோள் வந்துவிட்டது. ஹாம் லைசென்ஸுக்கு மோர்ஸ் கட்டாயம் என்ற சர்வதேச விதியும் 2003-இல் போனது. ஆனாலும் சாயங்காலம் 7 மெகாஹெர்ட்ஸின் அடிப்பக்கம் வந்து கேள், சந்தைக்கடை மாதிரி இருக்கும். என் ரேடியோ ரூம் கடிகாரத்தில் 15-லிருந்து 18 நிமிடம், 45-லிருந்து 48 நிமிடம் இரண்டும் சிவப்பு. அந்தக் காலத்தில் அந்த நிமிடங்களில் 500 கிலோஹெர்ட்ஸில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று இருந்தது. அபாயக் குரல் ஏதாவது வருகிறதா என்று உலகமே காது கொடுத்துக் கேட்டது.

சித்தி: இது தெரியாதே எனக்கு!

கார்த்தி: பெரியப்பா, நிரந்தரத் தீர்வு ஒன்று உண்டு. சைட்டோனைக் கம்ப்யூட்டரிடம் கேட்கவே வேண்டாம். கீயிலிருந்து இரண்டு கம்பி, ஒன்று ரேடியோவுக்கு, ஒன்று அர்டுயினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகைக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு ஷாட்கி டயோடு (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் போகவிடுவது), கோடு போட்ட முனை கீ பக்கம். அர்டுயினோ அழுத்திய கணமே சத்தம் போடும். தீட்டிஸ் சைட்டோனை அணைத்துவிடலாம். பஃபரும் பழையபடி பெரிதாகவே இருக்கட்டும்.

கவின்: என்னிடம் ஒரு அர்டுயினோ சும்மா கிடக்கிறது. அடுத்த வாரம் வரும்போது கொண்டு வருகிறேன். எத்தனை ஹெர்ட்ஸ் வைக்கட்டும், பெரியப்பா?

பெரியப்பா: 600 போதும். 800 காதைக் குத்தும், ராத்திரியில் உன் பெரியம்மாவையும் எழுப்பிவிடும்.