தொலைதூர ஊர்களுக்கு இணையம்: சாட்டிலைட்டா, ஃபைபரா?

அலைவரிசை:
கேபிள் போய்ச் சேராத மலைகளுக்கும் தீவுகளுக்கும் இனி சாட்டிலைட் இணையம்தான் வழி என்பது என் கருத்து. பழைய அனுபவத்தை வைத்து அதை ஒதுக்கிவிடாதீர்கள். அந்தப் பழைய வகையில், 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கும் சாட்டிலைட்டுக்குச் சிக்னல் போய்ப் பதில் வர அரை நொடி பிடிக்கும். வீடியோ அழைப்பில் இருவரும் ஒன்றாகப் பேசத் தொடங்கி, ஒன்றாக நிறுத்துவார்கள். ஸ்டார்லிங்க் என்ற புதிய இணையச் சேவையின் சாட்டிலைட்டுகள் ஓடுவது சுமார் 550 கி.மீ. உயரத்தில். அதில் தாமதம் சில பத்து மில்லிநொடிகள்தான்.

தரைவழி:
தாமதம் குறைந்தது உண்மை. என் கவலை வேறு. சாட்டிலைட் தரையில் ஒரு குறிப்பிட்ட பரப்புக்குத்தான் ரேடியோ அலைகளின் ஒரு கற்றையைப் பாய்ச்சுகிறது. அந்தப் பரப்பில் உள்ள எல்லா வீடுகளும் அதையே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பத்து வீடுகளுக்குக் கிடைத்த வேகம் ஆயிரம் வீடுகளுக்குக் கிடைக்காது. ஃபைபர் என்னும் கண்ணாடி இழைக் கேபிளை ஒருமுறை புதைத்தால் போதும், இரு முனையிலும் உள்ள கருவிகளை மாற்றியே வேகத்தைக் கூட்டலாம். நீங்கள் சொல்லும் தாழ்வாக ஓடும் சாட்டிலைட்டோ ஐந்தாறு ஆண்டுகளில் எரிந்து போகிறது.

அலைவரிசை:
ஆயிரம் வீடுகள் நெருங்கி இருக்கும் ஊருக்கு ஃபைபரே போகட்டும் நண்பரே, மறுக்கவில்லை. நான் சொல்வது இங்கே பத்து வீடு, இருபது கி.மீ. தள்ளி இன்னும் பத்து வீடு என்று சிதறிக் கிடக்கும் இடங்களை.

புதுவரவு:
ஒரு சந்தேகம். அவ்வளவு தாழ்வாக ஓடும் சாட்டிலைட் சில நிமிடங்களில் மறைந்துவிடுமே! டிஷ் அதன் பின்னாலேயே திரும்பிக்கொண்டு இருக்குமா?

அலைவரிசை:
நல்ல கேள்வி. அது பூமியை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 95 நிமிடங்கள்தான். ஆனால் டிஷ் அசைய வேண்டாம். அதன் பரப்பில் ஏராளமான சிற்றாண்டெனாக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அலையை வெளியிடும் கணத்தைத் துளி முன்பின்னாக்கினால், எல்லா அலைகளும் சேர்ந்து உருவாகும் கற்றை வேறு திசைக்குச் சாயும். ஒரு சாட்டிலைட் இறங்கும்போதே டிஷ் அடுத்ததைப் பிடித்துவிடும். நடுவே மரக்கிளை மறைத்தால்தான் இணைப்பு அறுபடும். அதனால் திறந்த வானம் தெரியும் இடமாகப் பார்த்து வைக்க வேண்டும்.

தரைவழி:
சரி, சாட்டிலைட்டிலிருந்து தகவல் எங்கே போகிறது? கடைசியில் ஏதோ ஒரு தரைநிலையத்துக்கு வந்து, ஃபைபரில்தானே ஏறுகிறது! லேசர் மூலம் ஒரு சாட்டிலைட் இன்னொன்றுக்குக் கைமாற்றினாலும், இறங்கும் இடத்தில் ஃபைபர் வேண்டும். கனமழையில் சிக்னல் தேயும். மின்சாரம் ஒழுங்காக வராத ஊரில் 50 முதல் 100 வாட் வரை இழுக்கும் டிஷ்ஷுக்குச் சூரியத் தகடும் பேட்டரியும் யார் தருவது?

அலைவரிசை:
பசிபிக் தீவு நாடான டோங்காவை நினைத்துப் பாருங்கள். 2022 ஜனவரியில் எரிமலை வெடித்து, கடலடிக் கேபிள் அறுந்தது. அதைச் சரிசெய்ய ஐந்து வாரங்கள் ஆயின. அதுவரை வெளியுலகோடு பேச உதவியது சாட்டிலைட்தான்.

தரைவழி:
ஆபத்தில் உதவியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு அடுத்த மாதமே வயாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் என்ற சாட்டிலைட் இணையச் சேவை மீது இணையத் தாக்குதல் நடந்தது. உக்ரைனில் தொடங்கி ஐரோப்பாவின் பல நாடுகளில் மோடம்கள் முடங்கின. ஜெர்மனி நிறுவனம் ஒன்றின் சுமார் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது. ஒரே நிறுவனத்தின் கையில் எல்லாமே இருப்பது எனக்கு அச்சமாக இருக்கிறது.

மலைப்பாதை:
வீட்டுக்கு வீடு டிஷ் என்று ஏன் யோசிக்கிறோம்? ஊருக்கு ஒரு டிஷ், அதிலிருந்து வைஃபை அல்லது சிறிய மொபைல் டவர். பலர் கையில் ஏற்கெனவே இருக்கும் ஃபோனே போதும். பேட்டரிச் செலவும் ஓரிடத்தோடு முடியும்.

அலைவரிசை:
இதை நான் முழுதாக ஏற்கிறேன். வீடுவீடாகக் கணக்குப் போட்டது என் தவறு.

தரைவழி:
ஒரு நிபந்தனையோடு நானும் ஏற்கிறேன். மாலையில் எல்லோரும் வீடியோ பார்க்கத் தொடங்கினால் அந்த ஒரு டிஷ் திணறும். பள்ளிக்கும் மருத்துவ நிலையத்துக்கும் முதலில் பங்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை மற்றவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். டிஷ் வந்துவிட்டது என்று சொல்லி, அந்த ஊருக்கான ஃபைபர் திட்டத்தை மட்டும் யாரும் கிடப்பில் போடக்கூடாது.