பார்னி மில்லர்: கதவைத் தாண்டினார்களா, தாண்டவில்லையா?

பழைய அலைவரிசை:
நேற்று வெண்திரை இங்கே இட்ட குறிப்பில், 1975 முதல் 1982 வரை அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் எட்டுப் பருவங்கள் ஓடிய ‘பார்னி மில்லர்’ நகைச்சுவைத் தொடர், காவல் நிலையத்தின் துப்பறிவாளர் அறையை விட்டு “ஒரு முறை கூட” வெளியே போனதில்லை என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. முதல் பருவத்திலேயே, குற்றவாளியைப் பிடிக்க ஒரு குடியிருப்பில் காத்துக் கிடக்கும் கதை வருகிறது. நிலையத்தின் கேப்டனான பார்னியின் வீடு வருகிறது. பார்பரா பாரி நடித்த மனைவி எலிசபெத் வருகிறார். ஒரு முறை கூட என்று எழுதத் துணிந்தவர் முதல் பருவத்தையாவது முழுதாகப் பார்த்திருக்க வேண்டாமா?

வெண்திரை:
நான் எழுதியது பன்னிரண்டு பத்திகள். ஐயா அவர்களின் கண்ணில் பட்டவை மூன்று சொற்கள். என் குறிப்பு அத்தொடரின் கதைமரபைப் பற்றியது. நியூயார்க்கின் கிரெனிச் வில்லேஜில் உள்ள 12-ஆம் சரகக் காவல் நிலையத்தின் மாடிக்குக் கதை எப்போதும் படியேறித்தான் வருகிறது. துரத்தலும் கைகலப்பும் தெருவிலேயே முடிந்துவிடுகின்றன. கைவிலங்கு மாட்டியவரும், அவர்மீது புகார் கொடுப்பவரும், கூடவே சம்பந்தமே இல்லாத இன்னொரு வழக்கும் மட்டும் உள்ளே நுழைகின்றன. துப்பறிவாளர் வோஜோ இரண்டு விரல்களால் தட்டச்சுப் பொறியில் எழுத்தைத் தேடித் தேடிக் குத்திக்கொண்டிருக்க, பிடிபட்டவர் தம் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லி, அதைத் திரும்பவும் சொல்லி, கடைசியில் தம் வாழ்க்கைக் கதையையே சொல்லத் தொடங்குகிறார். சீருடைக் காவலர் லெவிட் தபால் கட்டுடன் வந்தால், தம் உயரக் குறைவால்தான் துப்பறிவாளர் ஆக முடியவில்லை என்பதை ஒரு முறையாவது குத்திக்காட்டாமல் படியிறங்குவதில்லை. இவ்வளவும் அந்த ஓர் அறைக்குள் நடப்பதுதான் மரபு. வெளியே போனதில்லை என்றே மறுபடியும் சொல்கிறேன்.

பழைய அலைவரிசை:
மரபு என்று நழுவ வேண்டாம். தாங்கள் எழுதியது “மரபாகப் போவதில்லை” என்றா, “ஒரு முறை கூடப் போனதில்லை” என்றா? இரண்டாம் பருவத்தில் துப்பறிவாளர்கள் ஒரு விடுதியில் மாறுவேடத்தில் தங்குகிறார்கள். 1979-இல் வோஜோ தம் காதலியுடன் குடித்தனம் நடத்தும் கதை அவருடைய வீட்டிலேயே நடக்கிறது. நீதிமன்ற அவமதிப்புக்காகப் பார்னியே சிறைக்குள் உட்கார்ந்திருக்கிறார். பார்னியின் வீட்டைச் சேர்க்காமலே நான்கு முறை ஆயிற்று, இன்னும் எண்ணட்டுமா?

வெண்திரை:
160-க்கும் மேற்பட்ட பகுதிகளில் நான்கு. தாங்கள் சொல்லும் சிறையும் ஓர் அறைதான் என்பதையும் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

தாமரைக்குளம்:
நண்பர்கள் இருவரும் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்; அந்தத் தொடரின் உண்மையான மரபு துப்பறிவாளர் யெமானா போடும் காப்பி. வாயில் வைக்க முடியாத அந்தக் காப்பியை எல்லோரும் குறை சொல்லிக்கொண்டே குடிக்கிறார்கள், ஒருவரும் புதிதாகப் போட முன்வருவதில்லை. யெமானாவாக நடித்த ஜாக் சூ 1979 ஜனவரியில் காலமானபோது, சக நடிகர்கள் தம் வேடங்களைக் களைந்து அதே அறையில் அமர்ந்து அவரைப் பற்றிப் பேசிய பகுதியின் முடிவில், காப்பிக் கோப்பைகளைத்தானே உயர்த்தினார்கள்? கட்டுரையாளர் அந்தக் கோப்பைக்கு அரை வரிகூட ஒதுக்கவில்லை. துப்பறிவாளர் ஹாரிஸ் தொடரில் எழுதும் நாவலைப் பற்றிச் சென்ற ஆண்டு நான் எழுதியதையும் அவர் இப்படித்தான் கண்டுகொள்ளாமல் விட்டார் என்பது எனக்கு மறக்கவில்லை.

பழைய அலைவரிசை:
நல்ல வேளையாக நினைவூட்டினீர்கள். அந்த அஞ்சலிப் பகுதியில் பேசியவர் கேப்டன் பார்னி அல்லர், ஹால் லிண்டன் என்ற நடிகர். அப்படியானால் அவர் அமர்ந்திருந்தது காவல் நிலையம் அன்று, படப்பிடிப்புத் தளம். கதையை விட்டே வெளியே வந்துவிட்டார்கள். ஐந்து முறை.

தாமரைக்குளம்:
மறைந்தவருக்குச் செய்த அஞ்சலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் மனம் தங்களுக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது.

நள்ளிரவு வாசகன்:
இரு தரப்புமே காரணத்தைத் தொடவில்லை. முதல் பருவங்கள் பார்வையாளர்கள் முன்னிலையில் நாடகம்போல் பதிவாயின. தயாரிப்பாளர் டேனி ஆர்னால்டு படப்பிடிப்பு நாளிலும் வசனத்தைத் திருத்திக்கொண்டே இருந்ததால் வேலை விடியும் வரை நீண்டு, பார்வையாளர்களை அழைப்பதே பின்னாளில் நின்றுபோயிற்று. ஒரே அறை என்ற மரபு மேடை தந்தது.

வெண்திரை:
மேடை தந்தது என்றால், பார்வையாளர்கள் போன பிறகும் அறை ஏன் அப்படியே இருந்தது? துப்பறிவாளர்களும் மாறினார்கள்: சானோ இரண்டு பருவங்களோடு போனார், ஃபிஷ் பின்னால் போனார், எதைக் கேட்டாலும் விளக்கவுரையோடு பதில் தரும் டீட்ரிக் வந்தார். அறை மாறவில்லை. ஃபிஷ்ஷை வீட்டுக்குக் கொண்டுபோய் 1977-இல் தனித் தொடர் எடுத்தார்களே, அது அடுத்த ஆண்டே முடிந்துபோயிற்று. கதவுக்கு வெளியே இந்த மனிதர்களுக்கு உயிர் இல்லை.

பழைய அலைவரிசை:
ஃபிஷ்ஷின் தொடர் வேறு தொடர். அதை உள்ளே இழுப்பதானால் என் கணக்கிலும் சேர்த்துக்கொள்வேன். பிறகு எண்ணிக்கை எங்கே போய் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: 1974-இல் ஒளிபரப்பான வெள்ளோட்டப் பகுதியில் பார்னியின் குடும்பத்துக்கும் நிலையத்துக்கும் சரிபாதி இடம் கொடுக்கவே திட்டமிட்டார்கள். அறைக்குள் அடைபடுவது பிறவிக் குணம் அன்று, வீட்டுக் காட்சிகள் எடுபடாததால் ஒட்டிக்கொண்ட பழக்கம். பழக்கத்தை விதியாக்கி, அந்த விதிக்கு “ஒரு முறை கூட” என்று முத்திரையும் குத்துவது எந்த ஊர் நியாயம்?

நள்ளிரவு வாசகன்:
நான் சொன்னதற்கு இருவரும் பதில் சொல்லவில்லை.

வெண்திரை:
கடைசிக் கதையை மட்டும் எண்ணிப் பாருங்கள். தியோடர் ரூஸ்வெல்ட் 1890-களில் நியூயார்க் காவல் ஆணையக் குழுவின் தலைவராக இருந்தபோது பயன்படுத்திய கட்டடம் என்று கண்டுபிடிக்கப்பட்டு, அந்த நிலையம் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்படுகிறது; அதனாலேயே அங்கிருந்தவர்கள் திசைக்கு ஒருவராகப் பிரிகிறார்கள். எந்தக் குற்றவாளியாலும் பிரிக்க முடியாதவர்களை அந்த அறை கைவிட்டதும் தொடர் முடிந்துவிடுகிறது. பல ஆண்டுகள் ஏங்கிய லெவிட்டுக்குப் பதவி உயர்வு கிடைக்கும்போது, அவர் உட்கார அங்கே மேசை இல்லை. இதைவிட என்ன சான்று வேண்டும்?

தாமரைக்குளம்:
அந்தக் கடைசிக் கதையிலும் காப்பி வருகிறதா என்று யாராவது பார்த்தீர்களா?

பழைய அலைவரிசை:
லெவிட்டின் மேசைக்காக நான் வருந்தவே செய்கிறேன், அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் கட்டுரையாளர் நயமாக ஒன்றை விட்டுவிட்டார்: கடைசியில் எல்லோரும் அந்தக் கதவைத் தாண்டிப் போகத்தான் செய்தார்கள். ஆறு முறை. குறிப்பில் அந்த வரி இன்னும் திருத்தப்படாமலே இருக்கிறது. இப்போதுதான் மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வெண்திரை:
திருத்தப்போவதில்லை.

பழைய அலைவரிசை:
அப்படியானால் நாளை மூன்றாம் பருவத்திலிருந்து மறுபடியும் பார்க்கத் தொடங்குகிறேன். ஏழாவது கிடைத்ததும் இங்கேயே எழுதுகிறேன்.