டீசல் அளவு குறைஞ்ச கதை உங்க தோட்டத்துல நடந்திருக்கா?

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டம், அப்பா அங்க ஸ்டோர் கிராணி, அதாவது ஸ்டோர் கணக்கு எழுதறவரு. ஒருநாள் மத்தியானம் நல்ல வெயில்ல லோரி வந்து 6000 லிட்டர் டீசல் எறக்குச்சு, மீட்டர் பில்லும் 6000ன்னுதான் இருந்துச்சு, மறுநாள் விடியக்காலைல டாங்கில ஆழம் அளக்குற டிப் குச்சி விட்டு பாத்தா 40 லிட்டர் கிட்ட கம்மி. யாரு எடுத்தான்னு மானேஜர் எல்லார் முன்னாடியும் கேட்டாரு, அப்பா மூணு நாள் சரியா சாப்பிடல. ரொம்ப வருசம் கழிச்சுதான் எனக்கே புரிஞ்சது, டீசல் 1 டிகிரி குளிர்ந்தா 1000 லிட்டருக்கு கிட்டத்தட்ட 0.8 லிட்டர் சுருங்கும், ராத்திரில 8 டிகிரி எறங்கினா 6000 லிட்டருக்கு அதுலயே கிட்டத்தட்ட 40 லிட்டர் போயிரும். யாரும் திருடல.

— கிராணி மகன்

அண்ணே, படிச்சதும் மனசு கஷ்டமா போச்சு. நான் கேலிப்ரேஷன் லேப்ல, அதாவது மீட்டருங்க சரியா அளக்குதான்னு சோதிக்கற எடத்துல இருந்தவன், நாட்டுக்கு நாடு நடுவுலயே இந்தப் பிரச்சன உண்டு. 1999ல பாரிஸ்ல போட்ட ஒப்பந்தப்படி ஒரு நாட்டு லேப் சர்ட்டிபிகேட்ட இன்னொரு நாடு ஏத்துக்கணும்னா சும்மா நம்பிக்கை பத்தாது, ஒப்பிட்டுக் காட்டணும். எண்ணெய் ஓட்டத்த அளக்குறதுக்குன்னே சிசிஎம்.எஃப்எஃப்-கே2 னு ஒரு ஒப்பீட்டுச் சோதனை இருக்கு. ஒரே மீட்டர் லேப் லேப்பா சுத்தி வரும், நடுவுல மீட்டரே மாறிடுச்சான்னு சோதனைய நடத்துற பைலட் லேப் திரும்பத் திரும்ப பாக்கும், எல்லாரும் ரிசல்ட் குடுக்கற வரைக்கும் அடுத்தவன் நம்பர் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு லேப்லயும் எண்ணெயோட பிசுபிசுப்பும் சூடும் வேற, அதனால வெறும் லிட்டர வச்சு ஒப்பிட முடியாது, ஓட்டத்தோட வேகம், குழாய் அளவு, பிசுபிசுப்பு எல்லாம் சேத்து போடற ரெனால்ட்ஸ் நம்பர் ஒத்துப்போற எடத்துலதான் பாக்கணும். எடை போட்டு அளக்குறப்ப காத்து கொஞ்சம் மேல தூக்குறத கணக்குல எடுக்க மறந்தாலே டீசலுக்கு 0.1 சதவீதத்துக்கு மேல தப்பு வந்துரும், நல்ல லேப்புங்க அதுல பாதிக்கே அடிச்சுக்கும்! அவ்வளவு பாக்குற வேலைய, குச்சி ஒண்ண மட்டும் வச்சு ஒரு மனுசன் மேல பழி போட்டிருக்காங்க.

— சிப்பாங் தம்பி

தம்பி, நன்றிப்பா. அப்பாவோட டிப் நோட்டு இன்னும் என்கிட்ட பத்திரமா இருக்கு, இப்பத்தான் எடுத்துப் பாத்தேன். தேதி இருக்கு, லோரி நம்பர் இருக்கு, அவரு கையெழுத்து இருக்கு. எத்தன டிகிரின்னு எழுத ஒரு கட்டம் கூட இல்ல.

— கிராணி மகன்