மாசியில் ஐந்து மாதக் குழந்தையோடு ராமேஸ்வரம் பக்கம்: என்ன ஏற்பாடு செய்யணும்?

தாம்பரம் பொண்ணு:
எல்லோருக்கும் வணக்கம். மாசி பிறக்கும்போது எங்கள் பாப்பாவுக்கு ஐந்து மாதம் முடிந்திருக்கும். பிறந்ததிலிருந்து அம்மா வீடு, மாமியார் வீடு, ஊசி போடும் ஆஸ்பத்திரி, இவ்வளவுதான் அவள் பார்த்த உலகம். என்னுடையதும் அதேதான். கணவருக்கு நான்கு நாள் லீவு கிடைத்திருக்கிறது, ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் போகலாம் என்று இருக்கிறோம். "குலதெய்வத்துக்கே இன்னும் போகல, அதுக்குள்ள கடலா" என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராமேஸ்வரம் என்றதும் சமாதானமாகி, இப்போது அவரும் கிளம்பிவிட்டார், 22 தீர்த்தமும் ஆடியே தீரணுமாம்.

தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். எனக்குப் பெரிய கவலை தூளிதான், அதில் போட்டு ஆட்டாமல் அவள் கண்ணை மூடமாட்டாள். லாட்ஜ் ரூமில் தூளியை எங்கே கட்டுவது? ஃபேன் கொக்கியில் கட்டலாம் என்கிறார் கணவர். அப்புறம் ரயிலா காரா, தனுஷ்கோடிக்கு அவளைக் கொண்டுபோகலாமா, வெயிலுக்கு நடுநடுவே தண்ணீர் கொடுக்கணுமா (இது மாமியார் சொல்வது), இதெல்லாம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எடுத்துவைக்க வேண்டியதை எழுத ஆரம்பித்தால் வீட்டையே காலி செய்துகொண்டு போகணும் போல இருக்கிறது.

உச்சிப்புளிக்காரன்:
தாராளமாக வாங்க சகோதரி, மாசி நல்ல மாசம். ஐப்பசி, கார்த்திகையில் என்றால் மழை, வாடைக்காற்று, வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கொந்தளிப்பாக இருக்கும். ஆனியிலிருந்து ஆவணி வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று, அப்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் மணல் பறந்து முகத்தில் அறையும். மாசியில் இரண்டு கடலும் கொஞ்சம் அடங்கியிருக்கும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், மகா சிவராத்திரி மாசியில்தான் வரும், அதை ஒட்டி ராமேஸ்வரம் கோயிலில் திருவிழா, ரூம் கிடைப்பதும் கஷ்டம், கூட்டத்தில் கைக்குழந்தையோடு நிற்பதும் கஷ்டம். அமாவாசைக்கும் இதே கதைதான். தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

என் யோசனை, நான்கு நாளுக்கும் ஒரே ரூம். இன்றைக்கு ராமேஸ்வரம், நாளைக்கு ஏர்வாடி, மறுநாள் தேவிபட்டினம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைபவர்களைத்தான் இங்கே அதிகம் பார்க்கிறேன், பாவம் அந்தக் குழந்தைகள். ஓர் இடத்தில் இருந்துகொண்டு விடியக்காலையும் சாயங்காலமும் மட்டும் வெளியே போய் வாருங்கள், நடுப்பகல் முழுக்க ரூமிலேயே தூக்கம். கடலைப் பார்க்க எங்கள் பக்கத்து அரியமான் போதும். சவுக்குத் தோப்பு நிழல் உண்டு, வடகடல் என்பதால் அந்த மாசத்தில் பெரிய அலை இருக்காது.

தனுஷ்கோடி போகலாம், ஆனால் விடிந்ததும் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். 1964 டிசம்பர் புயலில் ஊரே போய்விட்டது, இன்றைக்கும் அங்கே ஒதுங்க நிழல் என்று பெரிதாக எதுவும் கிடையாது. அரிச்சல்முனை வரை ரோடு 2017லேயே வந்துவிட்டது, அதனால் கார் முனை வரைக்கும் போகும், குழந்தை காருக்குள் இருக்க நீங்கள் மாற்றி மாற்றி இறங்கிப் பார்க்கலாம். குடையை நம்பிப் போகாதீர்கள், அந்தக் காற்றில் குடை நிற்காது. தாடைக்குக் கீழே நாடா கட்டுகிற தொப்பிதான் வேலைக்கு ஆகும்.

இன்னொன்று, டயப்பரைத் தயவுசெய்து மணலில் புதைக்காதீர்கள். அரியமானில் இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்து எரிச்சலாக இருக்கிறது. ஒரு கவரில் கட்டி ரூமுக்கே கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

பெரியவர் சொல்:
ஐந்து மாசக் குழந்தைக்குக் கடல்காற்று ஆகாது. ஒரு வயசு முடியட்டும், மொட்டை போட்டுக் காது குத்திவிட்டுப் பிறகு போகலாம். என்ன அவசரம்?

மண்டபம் நர்ஸக்கா:
ஐயா, இங்கே மீனவர் குடியிருப்பில் குழந்தைகள் பிறந்த நாளிலிருந்து கடல்காற்றில்தான் வளர்கின்றன. வெயிலும் கொசுவும் கூட்டமும்தான் பார்த்துக்கொள்ள வேண்டியவை.

தங்கச்சி, முதலில் தண்ணீர் விஷயம். ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும், வெயில் காலத்திலும் தண்ணீர் வேண்டாம். பாலிலேயே போதுமான நீர் இருக்கிறது, வெக்கையாக இருந்தால் இன்னும் அடிக்கடி கொடுங்கள், அவ்வளவுதான். தண்ணீர் குடிக்க வேண்டியது நீங்கள். மாமியாரிடம் இதை டாக்டர் சொன்னதாகவே சொல்லிவிடுங்கள், வீட்டுக்குள் சண்டை மிச்சம். பயணத்தில் இருமினால் நாக்கில் தேன் தடவுவது என்று யாராவது ஆரம்பித்தால் அதையும் தடுத்துவிடுங்கள், ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது.

ஃபேன் கொக்கியில் தூளி கட்டவே வேண்டாம். அந்தக் கொக்கி எதைத் தாங்கும், எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. ரயில் பெர்த் சங்கிலியில் கட்டுவதும் வேண்டாம், பிரேக் போட்டால் தூளி போய் எதிலாவது இடிக்கும். கிளம்புவதற்கு முன்பே வீட்டில் பகல் தூக்கத்தைக் கீழே பாயில் பழக்குங்கள், மல்லாக்கப் படுக்கவைத்து, பக்கத்தில் தலையணை எதுவும் இல்லாமல். முதலில் அழுவாள், தட்டிக்கொடுத்துக்கொண்டே இருங்கள், பகலில் பழகிவிட்டால் இரவிலும் மெல்ல வந்துவிடும். லாட்ஜிலும் அதே பாய், வீட்டில் விரிக்கிற அதே பழைய சேலை. வாசனை பழகியதாக இருந்தால் புது இடத்தில் பயம் குறையும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் தடுப்பூசி எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள், காய்ச்சல் வந்தால் எதனால் என்று தெரியாமல் குழம்புவீர்கள். பாராசிட்டமால் எத்தனை மில்லி என்று உங்கள் டாக்டரிடம் அவள் எடையைக் காட்டி எழுதி வாங்குங்கள். டிராப்ஸும் சிரப்பும் ஒரே வீரியம் கிடையாது, அவசரத்தில் இங்கே கடையில் கிடைப்பதை வாங்கி அதே அளவு ஊற்றிவிடக் கூடாது. பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பியும் துவண்டு கிடந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வழக்கத்தைவிடச் சிறுநீர் ரொம்பக் குறைந்தாலோ காத்திருக்காதீர்கள். ராமேஸ்வரத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது, பெரிய வசதி வேண்டுமென்றால் ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆம்புலன்ஸுக்கு 108, சந்தேகம் கேட்க 104. சன்ஸ்கிரீன் இந்த வயதுக்கு வேண்டாம், மெல்லிய முழுக்கைப் பருத்திச் சட்டை போதும்.

கீழக்கரை லாத்தா:
ரயில்தான் தங்கச்சி, அதிலும் நீங்கள் தாம்பரம். 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்தபோது தாம்பரத்திலிருந்தே ராமேஸ்வரத்துக்கு ஒரு ராத்திரி வண்டி விட்டார்களே, எழும்பூர் வரை போகவே வேண்டாம். கார் என்றால் பால் கொடுக்க, துணி மாற்ற என்று நிறுத்தி நிறுத்தி வரணும், வருபவர்களுக்கெல்லாம் இடுப்பு போய்விடும். ஐந்து வயது வரை பெர்த் கேட்காவிட்டால் குழந்தைக்கு டிக்கெட்டும் இல்லை. கீழ் பெர்த்தாகக் கிடைக்கப் பாருங்கள், குழந்தையைச் சுவர்ப் பக்கம் போட்டுக்கொள்ளலாம். ஆனால் வண்டி அதிகாலையில் கொண்டுவந்து இறக்கிவிடும், அந்நேரத்துக்கு ரூம் தருவார்களா என்று முன்பே போனில் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் ரிசப்ஷன் சோபாவில்தான் விடியல்.

கோயிலுக்கு உள்ளே செல்போன் விடமாட்டார்கள் என்பதை யாருமே சொல்லவில்லையே. உங்கள் கணவரும் மாமியாரும் தீர்த்தமாடப் போய்விட்டால் நீங்கள் கூப்பிட வழியில்லை. 22 கிணற்றிலும் வாளி வாளியாக ஊற்றி, வரிசையில் நின்று, ஈரம் மாற்றி வருவதற்குள் நேரம் ஆகும், தரையும் வழுக்கும். அவர்கள் போகட்டும், நீங்கள் குழந்தையோடு ரூமிலேயே இருங்கள். அவர்கள் வந்ததும் நீங்கள் போய் நிதானமாகப் பிரகாரம் சுற்றி வரலாம்.

சாமான் குறையுங்கள். டயப்பர், வெந்நீர் பிளாஸ்க், பால்பவுடர் எல்லாம் ராமநாதபுரத்திலும் விற்கிறார்கள். அவள் மருந்தும் பழைய சேலையும் மறக்காமல் இருந்தால் போதும். திரும்பும்போது கீழக்கரை பக்கம் வந்தால் எங்கள் ஊர் இனிப்பு தொதல் வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்களுக்கு, பாப்பாவுக்கு இல்லை.

தாம்பரம் பொண்ணு:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சிவராத்திரி முடிந்த வாரத்தில் போட்டுக்கொள்கிறோம். தண்ணீர் விஷயத்தை மாமியாரிடம் வாசித்தே காட்டினேன், "அந்த நர்ஸுக்கு எத்தனை பிள்ளை" என்று கேட்டார். பாய்த் தூக்கம் இன்று ஆரம்பம். இன்னும் ஒரே கேள்வி, அரியமான் தோப்பில் கொசு எப்படி?

உச்சிப்புளிக்காரன்:
இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டால் பெரிதாகத் தெரியாது. ரூமுக்குக் குடை மாதிரி விரிகிற குழந்தைக் கொசுவலை ஒன்று கொண்டு வாருங்கள், சுருள் வேண்டாம், அந்தப் புகை உங்களுக்கே ஆகாது.

மண்டபம் நர்ஸக்கா:
எனக்கு இரண்டு பிள்ளை என்று சொல்லுங்கள். இரண்டும் தண்ணீர் குடிக்காமல்தான் ஆறு மாசம் வளர்ந்தன.