போஸ்கோப் ஆப்பிள் கிடைத்தால் விடாதீர்கள்

ஆப்பிளுக்கு மேலே தேய்த்த மாவால் மூடி போட்ட கேக் செய்யப் போய், அந்த மேல் மாவு பிய்ந்து வந்துவிட்டதாக இங்கே ஒருவர் எழுதியிருந்தார். முதல்முறை செய்பவர்கள் அதில் கை வைக்கவே வேண்டாம் என்பேன். ஜெர்மன் வீடுகளில் சாதாரண ஞாயிற்றுக்கிழமைக்குச் செய்கிற ஃபெர்சுங்கனர் ஆப்ஃபெல்கூகன் (மாவில் ஆப்பிள் அமிழ்ந்திருக்கும் கேக்) போதும், மாவு தேய்க்கிற வேலையே கிடையாது.

எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் கீழ்வீட்டு அம்மா, வயது எண்பதைத் தாண்டிவிட்டது. செய்முறை கேட்டுப் போனால் அளவு சொல்வதற்கு முன்னால் அவர் கேட்ட ஒரே கேள்வி, "என்ன ஆப்பிள் வைத்திருக்கிறீர்கள்?" என்பதுதான். நாங்கள் இருப்பது ஹாம்பர்க் பக்கம், எல்பே ஆற்றோரம் ஆல்டஸ் லாண்ட் என்கிற பகுதி முழுக்க ஆப்பிள் தோட்டம். இலையுதிர் காலத்தில் வீட்டு வாசலிலேயே பைகளில் கட்டி வைத்திருப்பார்கள், பக்கத்தில் ஒரு டப்பா, காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதில் போஸ்கோப் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். தோல் சொரசொரப்பு, பார்க்க ஒன்றும் அழகில்லை, ஆனால் நல்ல புளிப்பு, அடுப்பில் வெண்ணெயாக இளகிவிடும். காலா மாதிரி இனிப்பு ஆப்பிள் போட்டால் கேக் வெறும் சர்க்கரைச் சுவையோடு நின்றுவிடுகிறது.

அளவு: வெண்ணெய் 125 கிராம், சர்க்கரை 125, வனிலா சர்க்கரை ஒரு பாக்கெட், முட்டை 3, மைதா 200 கிராம் (இங்கே பாக்கெட்டில் மாவு வகை எண் 405 என்று போட்டிருக்கும்), பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, கொஞ்சம் எலுமிச்சைத் தோல் துருவல். வெண்ணெயும் முட்டையும் முன்னமே வெளியே எடுத்து வையுங்கள், சில்லென்று போட்டால் கலவை திரிந்துவிடும். முட்டையை ஒவ்வொன்றாகத்தான் சேர்க்க வேண்டும். பால் இரண்டு மூன்று கரண்டிக்கு மேல் போகக் கூடாது. கரண்டியைத் தூக்கிச் சாய்த்தால் மாவு ஒழுகாமல் கொஞ்ச நேரம் தொங்கி, அப்புறம் பொத்தென்று விழ வேண்டும், நம் இட்லி மாவைவிடக் கெட்டி.

ஆப்பிளைத் தோல் சீவி, நான்காக வெட்டி, விதைப் பகுதியை எடுத்துவிட்டு, வளைந்த முதுகில் கத்தியால் நெருக்கமாகக் கீறுங்கள், அடிவரை போகாமல். கீறல் வழியாகச் சூடு சீக்கிரம் உள்ளே இறங்கும், வெந்ததும் விசிறி போல விரிந்து பார்க்கவும் நன்றாக இருக்கும். 26 செ.மீ. டின்னில் மாவைப் பரப்பி, கீறிய பக்கம் மேலே இருக்கும்படி அடுக்குங்கள். அமுக்க வேண்டாம். ஆப்பிள் தானாக இறங்குவது போலத் தெரிந்தாலும், உண்மையில் மாவுதான் சுற்றிலும் எழும்பி வருகிறது.

180 டிகிரி, மேல் கீழ் சூடு, சுமார் 45 நிமிடம். குச்சியை மாவில் குத்திப் பாருங்கள், ஆப்பிளில் குத்தினால் எப்போதும் ஈரமாகத்தான் வரும். ஐசிங் சர்க்கரை ஆறிய பிறகே தூவ வேண்டும், இல்லையென்றால் கரைந்து காணாமல் போகும். சர்க்கரை போடாமல் அடித்த கிரீம் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பட்டைத்தூள் கூடவே கூடாது என்பார் அந்த அம்மா, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவர் பேச்சைக் கேட்பதில்லை. முடிந்தால் மறுநாள் வரை வைத்திருங்கள், ஆப்பிள் சாறு மாவில் இறங்கி இன்னும் நன்றாக இருக்கும் (எங்கள் வீட்டில் மிஞ்சினால்தானே!).

சென்னையில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: பச்சை கிரானி ஸ்மித் வாங்குங்கள், போஸ்கோப் அளவுக்குக் குழையாது, புளிப்பு சரியாக இருக்கும். கன்வெக்ஷன் மைக்ரோவேவில் விசிறி ஓடுவதால் 160 போதும், மேலே கருக ஆரம்பித்தால் ஃபாயில் போட்டு மூடிவிடுங்கள்.