வல்லிப்புரத்துப் பற்றையில் ஆறுமணிக்குருவி

தாங்கள் கண்ட குருவிகளைப் பற்றி ஒவ்வொருவராக எழுதிவரும் இந்த வரிசையில், தேன்சிட்டையும் மாம்பழச்சிட்டையும் கண்டவர்கள் எழுதியதை ஆசையோடு படித்தேன். என் பங்குக்கு, ஆங்கிலத்தில் Indian Pitta எனப்படும் ஆறுமணிக்குருவி. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் உள்ள வல்லிப்புர ஆழ்வார் கோயில் திருவிழா முடிந்து, ஐப்பசி மழை தொடங்கியிருந்த நேரம். மணற்காட்டுக்குப் போகும் வழியில், வடலியும் ஈச்சையும் பின்னிக் கிடந்த பற்றைக்குள் அதைக் கண்டேன்.

முதலில் கேட்டது குரல்தான். விடியும்போதும் பொழுதுபடும்போதும் அது எழுப்பும் இரட்டைச் சீழ்க்கை. குரல் வந்த பக்கம் கிளைகளை மட்டும் துழாவிப் பயனில்லை, நிலத்தையும் பார்க்க வேண்டும். காவோலை உக்கிக் கிடந்த இடத்தில் ஒரு சருகு புரண்டது. அலகால் இன்னொன்றைப் புரட்டி, ஈரமண்ணிலிருந்து புழுவை இழுத்துக்கொண்டு, தத்தித் தத்தி வெளியே வந்தது. மைனாவைவிடச் சிறிய உடல். கட்டை வால் மெதுவாக ஏறி இறங்கியது. பச்சை முதுகு, மங்கிய மஞ்சள் மார்பு, கண்ணை ஊடறுத்து ஓடும் கறுப்புப் பட்டை, அதற்குமேல் வெள்ளைப் புருவம். அது திரும்பியபோது அடிவயிறு குங்குமம் கொட்டியதுபோலச் சிவந்து தெரிந்தது. தோள்பட்டை நீலம் வெயில் பட்ட கணத்தில் மட்டும் மின்னியது. இத்தனை நிறமும் இருந்தும், நிழலுக்குள் நின்றுவிட்டால் கண்ணுக்கு அகப்படுவதே இல்லை.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் பறவை இது. இரவில் பறந்து கடல் கடப்பதால் சில களைத்து வீட்டு முற்றத்திலேயே விழுந்துவிடும். அப்படி விழுந்த ஒன்றை ஒருமுறை அயல்வீட்டு மாமி சேலைத் தலைப்பில் பொதிந்து கொண்டுவந்தார். "பூனை பிடிக்கப் பார்த்தது தம்பி" என்றார். துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள் இருட்டாக, சத்தமில்லாமல் வைத்தோம். வாயில் தண்ணீர் ஊற்றவில்லை. அது மூச்சுக்குழலுக்குள் போனால் குருவி செத்துவிடும். பின்னேரம் வேலியோரம் பெட்டியைத் திறந்ததும் கிளுவையடிக்குள் ஓடி மறைந்துவிட்டது.

காணி துப்புரவு என்று சொல்லிப் பற்றையை வெட்டி, சருகைக் கூட்டி எரிப்பதைக் காணும்போது எனக்கு வயிறு எரிகிறது. அந்தச் சருகுக்கு அடியில்தான் அதன் சாப்பாடு முழுவதும் இருக்கிறது. சித்திரை வாக்கில் அது வடக்கே திரும்பிவிடும். அதுவரைக்கும் வளவின் கோடிப்புறத்தில் ஒரு மூலையையாவது கூட்டாமல் விட்டுவையுங்கள். யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளான தீவகப் பக்கம் யாராவது இதைக் கண்டிருந்தால், எந்த மாதம், எப்படிப்பட்ட பற்றை என்று எழுதுங்கள்.